ரிம்மா, டிஸ்க்கா? ஹட் பே மழையில் ஒரு பிரேக் கணக்கு

சென்னையில் ஓராண்டில் சராசரியாகப் பெய்யும் மழை ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர். அந்தமானில் அது 3,000 மில்லிமீட்டரைத் தொடும். மே மாதம் தென்மேற்குப் பருவக்காற்று வந்து இறங்கினால், வடகிழக்குப் பருவம் ஓயும் டிசம்பர் வரை தரை முழுதாகக் காய்வதில்லை. 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரிலிருந்து தெற்கே, கப்பலில் ஒரு பகலோ ஓர் இரவோ கழியும் தூரத்தில் லிட்டில் அந்தமான் தீவு இருக்கிறது. அதன் துறைமுக ஊர்தான் ஹட் பே. இங்கே மவுண்டன் பைக் வாங்க நினைப்பவர் நிறத்தையும் கியர் எண்ணிக்கையையும் முடிவுசெய்த பிறகு ஒரு கேள்வியில் வந்து நிற்பார்: டிஸ்க் பிரேக் வைத்த வண்டியா, ரிம்மைப் பிடிக்கும் பிரேக் போதுமா?

சைக்கிள் கடைகளில் இதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள். டிஸ்க் அதிக சக்தி உள்ளது, மலை இறக்கத்தில் சட்டென்று நிறுத்தும், அதையே வாங்குங்கள் என்பார்கள். ஹட் பேக்கும் டிஸ்க்தான் நல்லது என்றே நானும் சொல்வேன். ஆனால் அதற்குக் கடைக்காரர் சொல்லும் காரணம் இந்த ஊருக்குப் பொருந்தாது. காரணத்தைத் தவறாகப் பிடித்தால் டிஸ்க்கிலேயே தவறான வகையை வாங்கிவிட்டு, முதல் மழைக்காலம் முடிவதற்குள் வண்டியைத் திண்ணையில் சாத்திவைக்க நேரும்.

முதலில் பாதையைப் பார்ப்போம். படகுத்துறையிலிருந்து கிழக்குக் கரையை ஒட்டி வடக்கே போகும் சாலைதான் தீவின் முதுகெலும்பு. நேதாஜி நகர், ராமகிருஷ்ணபூர், விவேகானந்தபூர் என்று குடியேற்ற ஊர்கள் அதன் வழியில் வருகின்றன. அலைச்சறுக்கு விளையாடுபவர்கள் தேடி வரும் பட்லர் பே கடற்கரை சுமார் 14 கிலோமீட்டரில் இருக்கிறது. சாலை பெரும்பாலும் சமதளம். அதைவிட்டு உள்ளே திரும்பினால்தான் மவுண்டன் பைக்குக்கு வேலை: அருவிக்குப் போகும் சேற்றுப்பாதை, செம்பனைத் தோட்டத்து மண்வழிகள், மரம் வெட்டிய காலத்தில் லாரிகள் போன தடங்கள். 2002இல் உச்ச நீதிமன்றம் தந்த உத்தரவுக்குப் பின் அந்த வெட்டு நின்றது. தடங்களில் பலவற்றைக் காடு திரும்ப எடுத்துக்கொண்டிருக்கிறது. ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். தீவின் பெரும்பகுதி ஓங்கே மக்களுக்கான காப்புப் பகுதி. 1956ஆம் ஆண்டின் பழங்குடிப் பாதுகாப்பு ஒழுங்குமுறைப்படி வெளியார் அதற்குள் நுழையக் கூடாது. எவ்வளவு நல்ல பிரேக் இருந்தாலும் அந்த எல்லைக்கு முன்னாலேயே வண்டியை நிறுத்தியாக வேண்டும்.

இப்போது டிஸ்க் பிரேக்குக்குப் புகழ் தேடித்தந்த வெப்பக் கணக்கு. பிரேக் என்பது வேகத்தை வெப்பமாக மாற்றும் கருவி. அதற்கு வேறு வேலை கிடையாது. 80 கிலோ எடையுள்ள ஒருவர் 15 கிலோ வண்டியில் ஊட்டியிலிருந்து கல்லட்டி மலைப்பாதை வழியாக மசினகுடிக்கு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 36 கொண்டை ஊசி வளைவுகள், உயர வித்தியாசம் சுமார் 1,200 மீட்டர். எடை, ஈர்ப்பு முடுக்கம், உயரம் மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 1,100 கிலோஜூல் வருகிறது. கிட்டத்தட்ட நாலு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான ஆற்றல் அது. காற்றின் தடை ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். வளைவுக்கு வளைவு மெதுவாக இறங்குபவரின் பிரேக்தான் மிச்சத்தைச் சுமக்க வேண்டும்.

அதை ரிம் பிரேக் சுமந்தால் சூடேறுவது ரிம். அந்த ரிம்மை ஒட்டியே டியூபும் டயரும் இருக்கின்றன. உள்ளே அடைபட்ட காற்று 30 டிகிரியிலிருந்து 130 டிகிரிக்குப் போனால் அழுத்தம் மூன்றில் ஒரு பங்கு கூடும். நீண்ட மலை இறக்கங்களில் டயர் கழன்று டியூப் வெடித்ததாகக் கேள்விப்படுவது இதனால்தான். இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். வெப்பத்தை வாங்கிக்கொள்ளும் திறனில் ரிம்தான் பெரியது. இரண்டு அலுமினிய ரிம்களும் சேர்ந்து ஒரு கிலோ வரும். 100 மீட்டர் இறக்கத்தின் வெப்பம் முழுவதும் துளியும் வெளியேறாமல் அவற்றில் தங்கினால் 100 டிகிரி ஏறும். இரண்டு டிஸ்க் தகடுகளும் சேர்ந்து கால் கிலோதான். அதே வெப்பம் அவற்றில் தங்கினால் கணக்குப்படி 700 டிகிரிக்கு மேல் ஏற வேண்டும். நடைமுறையில் அந்த அளவுக்குப் போகாது. தகடு சூடாக ஆக, காற்றுக்கு வெப்பத்தைக் கொட்டும் வேகமும் கூடுகிறது. டயர், டியூப் எதுவும் பக்கத்தில் இல்லாததால் அது எவ்வளவு சூடானாலும் வெடிக்க ஒன்றுமில்லை. வெப்பத்தை வேண்டாத இடத்திலிருந்து தள்ளிவைத்ததுதான் டிஸ்க்கின் சாதனை.

மவுண்டன் பைக் பிறந்ததே இந்தத் தொல்லையோடுதான். 1976இல் கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே உள்ள மலைச்சரிவில் சில இளைஞர்கள் பழைய கனத்த சைக்கிள்களில் இறங்கிப் பந்தயம் வைத்தார்கள். சுமார் மூன்று கிலோமீட்டரில் ஏறத்தாழ 400 மீட்டர் சரிவு. பின்சக்கரத்து ஹப்புக்குள் இருந்த பிரேக் கொதித்து, உள்ளே இருந்த கிரீஸ் புகையாகப் போய்விடும். ஒவ்வொரு இறக்கத்துக்குப் பிறகும் ஹப்பைப் பிரித்துப் புதிதாகக் கிரீஸ் அடைக்க வேண்டும். அந்தப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்ற பெயரே அதனால் வந்தது.

ஹட் பேயில் கல்லட்டியும் இல்லை, ரீபேக்கும் இல்லை. இருபது மீட்டர் மேட்டிலிருந்து பிரேக்கைப் பிடித்தபடியே இறங்கினாலும் வருவது 19 கிலோஜூலுக்குக் குறைவு. அது ரிம்மின் சூட்டை இருபது டிகிரி ஏற்றும், அவ்வளவுதான். அப்படியானால் வெப்பத்தைக் காட்டி இங்கே யாரும் டிஸ்க் விற்க முடியாது.

‘அதிக சக்தி’ என்ற வாதமும் நிற்காது. சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் எடை உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கு இடையே தூரம் குறைவு. முன் பிரேக்கை மிகையாகப் பிடித்தால் பின்சக்கரம் தூக்கிக்கொண்டு ஆள் குப்புற விழுவார். காய்ந்த சாலையில் ஈர்ப்பு முடுக்கத்தில் பாதிக்குச் சற்று மேலே போனாலே அந்த எல்லை வந்துவிடும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்திலிருந்து ஐந்து மீட்டருக்குள் நிற்பது என்பது அதுதான். 1996இல் ஷிமானோ கொண்டுவந்த வி-பிரேக் என்ற ரிம் பிரேக், இரண்டே விரலில் அந்த எல்லை வரை இழுத்துவிடுகிறது. அதற்கு மேல் சக்தி இருந்து பயனில்லை.

சொல்லப்போனால் இந்தத் தீவுகளின் பெயரை உலகத்துக்குச் சொன்ன சைக்கிள் வீரர்கள் ஓட்டும் வண்டியில் பிரேக்கே கிடையாது. ஒன்பது வயதில் 2004 சுனாமியிலிருந்து தப்பிப் பிழைத்த தெபோரா ஹெரால்டும், 2018 ஜூனியர் உலகப் போட்டியில் வெள்ளி வென்ற எசோ ஆல்பனும் டிராக் சைக்கிளில் வளர்ந்தவர்கள். அந்த வண்டியில் பெடலும் பின்சக்கரமும் பூட்டிக்கொண்டிருக்கும். பெடலை எதிர்த்து அழுத்தித்தான் வேகத்தைக் குறைப்பார்கள். எல்லாரும் ஒரே திசையில் சுற்றும் மூடிய தடத்தில் அது முறையானது. மாடும் ஸ்கூட்டரும் பள்ளிப் பிள்ளைகளும் குறுக்கே வரும் ஹட் பே சாலையில் நாம் பிரேக்கை நம்பித்தான் ஆக வேண்டும்.

நம்பிக்கையைக் குலைப்பது தண்ணீர். ஃபிராங்க் விட், டேவிட் கார்டன் வில்சன் இருவரும் எழுதி எம்.ஐ.டி. 1974இல் வெளியிட்ட ‘பைசைக்கிளிங் சயின்ஸ்’ என்ற நூலில் ஒரு சோதனை விவரிக்கப்படுகிறது. குரோம் பூசிய இரும்பு ரிம்மை நனைத்து, வழக்கமான ரப்பர் பிரேக் கட்டையால் முழு அழுத்தத்தோடு பிடித்துப் பார்த்தார்கள். உராய்வு, காய்ந்திருந்தபோது இருந்ததில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. பிடி திரும்ப ஆரம்பிப்பதற்கே சக்கரம் சராசரியாக முப்பது சுற்று சுற்ற வேண்டியிருந்தது. முழுப் பிடி வருவதற்கு மேலும் இருபது சுற்று. நம் ஊர்ப் பெரிய சைக்கிளின் சக்கரம் ஒரு சுற்றில் இரண்டு மீட்டருக்கு மேல் போகும். முப்பது சுற்று என்றால் அறுபது மீட்டர். மழையில் நனைந்த குரோம் ரிம் சைக்கிளின் பிரேக்கைப் பிடித்துவிட்டு, ஒன்றும் நடக்காமல் கால்களைத் தரையில் தேய்த்து நிறுத்தியவர்கள் தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை இருக்கிறார்கள். அவர்கள் பட்ட பாட்டுக்கு எண் கொடுத்தது அந்தச் சோதனை.

அலுமினிய ரிம் வந்த பிறகு நிலைமை வெகுவாக மேம்பட்டது. அலுமினியத்தின் மேற்பரப்பில் ஈரமான கட்டைக்கும் ஓரளவு பிடி கிடைக்கும். ஒன்றிரண்டு சுற்றில் தண்ணீரை வழித்துவிட்டு நிற்கத் தொடங்கும். ஆகவே ஹட் பேயில் என்ன பிரேக் வாங்கினாலும் குரோம் பூசிய இரும்பு ரிம் வேண்டாம் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கடையில் ஒரு சிறு காந்தத்தை ரிம்மில் வைத்துப் பாருங்கள். ஒட்டினால் அது இரும்பு.

ஆனால் அலுமினியத்துக்கும் ஓர் எதிரி இருக்கிறது. சேற்றுப்பாதையில் ஒரு மழைக்காலம் ஓடிய வண்டியின் பிரேக் கட்டையைக் கழற்றி வெளிச்சத்தில் பாருங்கள். கருத்த ரப்பரில் வெள்ளிப் பொட்டுகள் மின்னும். மணல் துகள் கட்டையில் பதிந்து, ரிம்மைச் சுரண்டி, சுரண்டிய அலுமினியத்தையும் கட்டையிலேயே சேர்த்துவைத்திருக்கிறது. அதற்குப் பிறகு அலுமினியமே அலுமினியத்தை அறுக்கும். மழையில் ரிம்மிலிருந்து வழியும் கறுப்புக் குழம்பு அந்தத் தூள்தான். கடற்கரைப் பவளமணல் குவார்ட்ஸ் மணலைவிட மிருதுவானது என்று சிலர் ஆறுதல் சொல்வார்கள். மிருதுவானதுதான், ஆனாலும் அலுமினியத்தைவிடக் கடினம். ரிம்மின் பக்கச்சுவரை விரல்நகத்தால் தடவிப் பார்த்தால் நடுவில் குழிந்திருப்பது தெரியும். பல ரிம்களில் தேய்மானம் காட்ட ஒரு மெல்லிய பள்ளக் கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோடு மறைந்தால் ரிம்மின் ஆயுள் முடிந்தது. கட்டை தேய்ந்தால் சில ரூபாயில் மாற்றலாம். ரிம் தேய்ந்தால் சக்கரத்தையே பிரித்துக் கம்பி கோர்த்துக் கட்ட வேண்டும்.

டிஸ்க் இந்த இடத்தில்தான் உதவிக்கு வருகிறது. அது எப்படி என்பது முழுக்க ஆரத்தில் இருக்கிறது. ரிம் பிரேக் சக்கரத்தைப் பிடிக்கும் இடம் அச்சிலிருந்து 27 அல்லது 28 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 160 மில்லிமீட்டர் டிஸ்க்கில் அது ஏழு சென்டிமீட்டர்தான். நெம்புகோல் விதிப்படி அதே நிறுத்தும் திருக்கத்துக்கு டிஸ்க்கை ஏறத்தாழ நாலு மடங்கு விசையோடு பிடிக்க வேண்டும். பார்த்தால் இது டிஸ்க்கின் குறை. ஆனால் அந்தக் குறையை ஈடுகட்டப் பொறியாளர்கள் செய்ததெல்லாம் மழைக்கு வாய்ப்பாக அமைந்துவிட்டது. தகட்டைப் பிடிக்கும் சிறிய பேட், மிகுந்த விசை, அதனால் பேட்டின் கீழ் அழுத்தம் பல மடங்கு. அந்த அழுத்தத்தில் தண்ணீர்ப் படலம் தாக்குப்பிடிப்பதில்லை. தகட்டில் உள்ள துளைகளின் விளிம்பு ஈரத்தையும் சேற்றையும் வழித்துவிடுகிறது. தகடு சிறியதாக இருப்பதால் விரைவில் சூடாகி உலர்ந்தும் விடுகிறது. அச்சுக்குப் பக்கத்தில் இருப்பதால் ரிம் முங்கி எழும் குட்டையைத் தகடு பெரும்பாலும் தொடுவதே இல்லை.

இன்னொரு நன்மை, பள்ளம் மேடான பாதையில் ஓட்டுபவர்களுக்கு இதுதான் பெரிது. கல்லில் மோதி ரிம் பெண்டு ஆனால் ரிம் பிரேக் கட்டை ஒவ்வொரு சுற்றிலும் உரசும். பெண்டு எடுக்கும்வரை பிரேக்கைத் தளர்த்திவிட்டு ஓட்ட வேண்டியதுதான். டிஸ்க்குக்கு ரிம் எப்படி இருந்தாலும் கவலையில்லை. பொய்க்கால் குதிரை மாதிரி ஆடிக்கொண்டு வரும் சக்கரத்தையும் அது நிறுத்தும்.

நாலு மடங்கு விசைக்கு விலையும் உண்டு. கையின் சிறிய விசையைப் பெரிய விசையாக்க வேண்டுமானால் பேட் நகரும் தூரத்தைக் குறைத்தாக வேண்டும். ஆகவே பேட்டுக்கும் தகட்டுக்கும் இடையே இருப்பது ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு இடைவெளி. கப்பலின் சரக்கறையில் வேறொரு மூட்டை சாய்ந்து தகடு சற்றே வளைந்தால் போதும், வழி நெடுக உரசிக்கொண்டே வரும். கடலோரத்தில் வழக்கமாகச் செய்யும் ஒரு காரியமும் இங்கே வினையாகும். துரு பிடிக்காமல் இருக்கத் தேங்காய் எண்ணெயையோ பழைய இன்ஜின் ஆயிலையோ துணியில் நனைத்து வண்டி முழுக்கத் துடைப்பார்கள். அந்த எண்ணெய் தகட்டில் பட்டால் பேட் அதை உறிஞ்சிக்கொள்ளும். பிறகு எவ்வளவு அழுத்தினாலும் அலறல்தான் வரும், பிடி வராது. ஊறிய பேட்டைத் தூக்கி எறிவதைத் தவிர நம்பகமான வைத்தியம் இல்லை. செயினுக்கு எண்ணெய் விடும்போதும் பின் தகட்டை ஒரு பாலித்தீன் பையால் மூடிக்கொள்வது நல்லது.

டிஸ்க் என்று முடிவான பிறகு அடுத்த கேள்வி: ஒயர் இழுக்கும் டிஸ்க்கா, ஹைட்ராலிக்கா? மழைக்கு இரண்டும் ஒன்றுதான். இங்கே தீர்ப்புச் சொல்ல வேண்டியது உப்புக்காற்று. ஒயர் என்பது இரும்பு நூல்களை முறுக்கியது. உறையின் வாய் வழியாக ஈரமும் உப்பும் உள்ளே போய், வெளியே தெரியாமல் துரு கட்டும். லீவரை விட்ட பிறகு அது சோம்பலாகத் திரும்பினால் துரு தொடங்கிவிட்டது என்று பொருள். ஆனால் ஒயர் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும், பத்து நிமிடத்தில் மாற்றலாம். துருப்பிடிக்காத எஃகு ஒயராகக் கேட்டு வாங்கினால் ஆயுள் கூடும்.

ஹைட்ராலிக்கில் இழுக்க ஒயரே இல்லை. குழாய்க்குள் அடைபட்ட திரவம் அழுத்தத்தைக் கடத்துகிறது. லீவர் பக்கத்துப் பிஸ்டன் சிறியது, பேட் பக்கத்துப் பிஸ்டன் பெரியது. விட்டம் 10 மில்லிமீட்டரும் 22 மில்லிமீட்டரும் என்றால் பாஸ்கல் விதிப்படி விசை ஐந்து மடங்கு பெருகும். உள்ளே உப்புக்காற்றுக்கு வழியில்லை. பேட் தேயத் தேயத் தானே நெருங்கிக்கொள்ளும். ஒரு விரலில், எவ்வளவு வேண்டுமோ அவ்வளவே பிடிக்கலாம். சேற்றில் டயரின் பிடி காய்ந்த தார்ச்சாலையில் இருப்பதில் பாதிகூட இருக்காது. அங்கே சக்கரத்தைப் பூட்டிவிடாமல் பிடிக்கும் அந்த நயம்தான் ஆளை விழாமல் காக்கிறது.

கெட்டால்தான் சிக்கல். குழாய்க்குள் காற்று புகுந்தால் லீவர் பஞ்சுபோல் அமுங்கும். காற்றை வெளியேற்றத் தனிக் கருவியும் சரியான எண்ணெயும் வேண்டும். ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பில் கிடைப்பது டாட் வகைத் திரவம். ‘பிரேக் ஆயில் தானே’ என்று ஒன்றுக்குப் பதில் மற்றதை ஊற்றினால் ரப்பர் சீல்கள் ஊதிப்போய் பிரேக் முழுதும் பாழாகும். டாட் திரவத்துக்குக் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் குணம் வேறு. டாட் 4 திரவம் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறிய பிறகு அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. ஈரக்காற்றிலேயே வாழும் தீவில் மினரல் ஆயில் பிரேக்கையே நான் தேர்ந்தெடுப்பேன்.

பட்ஜெட் கையைக் கடித்தால்? பளபளக்கும் தகடு மாட்டிய மலிவு வண்டிகள் சந்தையில் நிறைய. அவற்றில் பலவற்றில், தகட்டைப் பிடிக்கும் பாகமான காலிப்பரில் ஒரு பக்கப் பேட் மட்டும் நகர்ந்து தகட்டை வளைத்து மறுபக்கத்தில் சாய்க்கும். ஒயர் உறை அமுங்கிப் பாதி விசையைத் தின்னும். அந்த விலைக்கு அலுமினிய ரிம்மும் நல்ல வி-பிரேக்கும் உள்ள வண்டி எல்லா வகையிலும் மேல். கரையோரத் தார்ச்சாலையில் வேலைக்கும் கடைக்கும் போய்வருபவருக்கு அதுவே போதும், கட்டையை வாராவாரம் துடைத்து, பதிந்த மணலை ஊசியால் நோண்டி எடுத்தால் ரிம்மும் ஆண்டுக்கணக்கில் நிற்கும். தோட்டத்துச் சேற்றுவழியில் மழையிலும் ஓட்டுபவர் மட்டும் காசு சேர்த்து மினரல் ஆயில் ஹைட்ராலிக்குக்குப் போகட்டும்.

அப்படி வாங்குபவர் வண்டியோடு கூடவே பேட் ஜோடிகளையும் வாங்கிவிட வேண்டும். ரிம் பிரேக் கட்டை ஏறக்குறைய எல்லா வண்டிக்கும் பொருந்தும். டிஸ்க் பேட் ஒவ்வொரு மாடலுக்கும் ஒரு வடிவம். மழைக்காலத்தில் கடல் கொந்தளித்தால் கப்பலே வராத நாட்கள் உண்டு, பேட் எங்கிருந்து வரும்? ரெசின் பேட் சத்தமில்லாமல் பிடிக்கும், மணல் கலந்த சேற்றில் சீக்கிரம் கரையும். உலோகத்தூள் பேட் நீடித்து உழைக்கும், கொஞ்சம் கத்தும். ஹட் பேக்கு உலோகத்தூள்தான். தகட்டில் ரெசின் மட்டும் என்று பொறித்திருந்தால் மட்டும் அதைப் போடக் கூடாது, தகடு தேய்ந்துபோகும்.

கப்பலில் ஏற்றச் சக்கரத்தைக் கழற்றினால் இரண்டு பேட்டுகளுக்கும் நடுவே மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவிடுங்கள். தகடு இல்லாத நேரத்தில் யாராவது லீவரைப் பிடித்துவிட்டால் பிஸ்டன்கள் நெருங்கி ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரத்தை மாட்டவே முடியாது. தகட்டுப் பக்கம் மேலே இருக்கும்படி சக்கரத்தைப் படுக்கவைத்து, அதன்மேல் எதையும் வைக்கவிடாதீர்கள். இறங்கிய அன்றே நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி, தகட்டைச் சுத்தமான துணியால் துடைத்துவிட்டு, காலியான இடத்தில் இருபது முப்பது முறை மெதுவாகப் பிடித்துப் பிடித்து ஓட்டிப் பாருங்கள். புதிய பேட்டின் தூள் தகட்டில் சீராகப் படிந்த பிறகுதான் அதன் முழுப் பிடி கைக்கு வரும்.